மாவு மறுத்துப் பேசாது

போன வாரம் இந்தக் குடும்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தோம். சூப் ஆறிக்கொண்டிருந்தது. ரொட்டிக்காரர், தன் மகள் பட்டாணியை வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஏதோ கடையில் நேற்றைய ரொட்டி மீந்துபோனதைச் சொன்னவர் மாதிரி கை கழுவ எழுந்துபோனார்.

"அவளுக்கு நான் யாருன்னே தெரியாது, சின்னி" என்று குழாயைத் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார். "கை வெச்சா கட்டை மாதிரி ஆயிடறா. பதினோரு வயசாச்சு. பெத்த அப்பனும் தபால்காரரும் அவளுக்கு ஒண்ணுதான். அங்க படிச்சவங்க இருக்காங்க, நல்லா பாத்துப்பாங்க."

சின்னி அவருடைய தங்கை. அதே வீட்டின் மாடியில் இருக்கிறாள். ஊருக்கு அவள் கதை டீச்சர். பேச முடியாத, உட்கார முடியாத, உட்கார வைத்தால் நிற்காமல் சுற்றுகிற பிள்ளைகளின் வகுப்பு அவளுடையது. பட்டாணியும் அந்த வகுப்புதான். அங்கே பிள்ளைகள் கதையைக் காதால் மட்டுமல்ல, முதுகாலும் கேட்பார்கள். கதையில் மழை பெய்தால் டீச்சரின் விரல் நுனிகள் சட்டைக்கு மேலே தூறும். பேருந்து ஓடினால் உள்ளங்கை வட்டம் போடும். கதவு திறந்தால் இரண்டு கைகளும் முதுகின் நடுவிலிருந்து மெல்ல விலகும். காதில் ஏறாத கதை முதுகில் ஏறிவிடும் என்பது டீச்சரின் கட்சி.

"ஒரே ஒரு தடவை அவ என் கைய ஏத்துக்கட்டும்" என்றார் அண்ணன். "அந்த ஸ்கூலுக்கு நானே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வா. பெத்தவங்க வந்து அவங்களே கதை சொல்ற நாள்."

விடுதிப் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளும் அதே வெள்ளிக்கிழமைதான். சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இந்தப் பேச்சு முழுவதும் பட்டாணியின் அம்மா, அதாவது டீச்சரின் அண்ணி, வாயே திறக்கவில்லை. தட்டுகளை அடுக்கினாள், மேஜையைத் துடைத்தாள், பட்டாணியின் வாயைத் துடைத்தாள். அவள் பேசாமல் இருந்ததை அண்ணன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். டீச்சர் அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

* * *

பள்ளிக்குப் போகிற வழியில் டீச்சர் பேக்கரியின் பின்பக்கக் கதவைத் தள்ளினாள். அண்ணனுக்கு ஒரு வார்த்தை ஞாபகப்படுத்திவிட்டுப் போகலாம் என்பது எண்ணம்.

உள்ளே அடுப்புச் சூடு முகத்தில் அடித்தது. நீளமான மர மேஜையில் ஒரு பெரிய மாவு உருண்டை. அதன் முன்னால் அண்ணன், கைகள் முழங்கை வரை வெள்ளையாக, குனிந்து நின்று குழைவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"மழை பெய்யுது... தூறல்... தூறல்... பஸ்ஸு மெதுவா போகுது... சக்கரம் சுத்துது..."

விரல்கள் மாவின் மேல் தூறின. பிறகு உள்ளங்கை வட்டம் போட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற வேலைக்காரர் முதலாளிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்க முடியாமல் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா."

அவர் துள்ளி நிமிர்ந்தார். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து மாட்டிக்கொண்ட பையன் முகம்.

"என்ன இது?"

"பழகறேன்."

"மாவுலயா?"

"வேற யார் முதுகுல பழகறது? இவர் முதுகுலயா?" வேலைக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தோடு இரண்டு அடி தள்ளிப் போனார்.

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த மழைப் பேருந்துக் கதையை அவள் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அண்ணி ராத்திரியில் பட்டாணியைத் தூங்கவைக்கிறபோது முதுகில் சொல்வாள். அறைக்கு வெளியே நின்று கேட்டே இந்த மனிதர் பாடம் பண்ணியிருக்கிறார். உள்ளே வராமல், கதவுக்கு இந்தப் பக்கமே நின்று.

"ஒரு வாரமா இதானா?"

"ஒரு வாரமா ரொட்டி ரப்பர் மாதிரி இருக்குன்னு ஊரே திட்டுது" என்று வேலைக்காரர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "உப்பி வர்ற நேரத்துல தட்டித் தட்டிக் காத்தெல்லாம் போக்கிடறாரு. அப்புறம் அது எங்க உப்பும்?"

"நீ உன் வேலையப் பாருய்யா."

டீச்சர் அண்ணனின் கையைப் பிடித்துத் தன் முன்கையில் வைத்தாள். "இங்க பண்ணிக் காட்டு. மழை."

அவர் தூறினார். ஆலங்கட்டி மழையாக இருந்தது.

"மெதுவா. பிசையாத. தொட்டும் தொடாத மாதிரி." மறுபடியும் தூறினார். இந்த முறை பரவாயில்லை. "நல்லா இருக்கு. ஆனா முக்கியமானது ஒண்ணு இருக்கு. முதல்ல கேக்கணும். அவ முன்னாடி வந்து, அவ பார்க்கற மாதிரி ரெண்டு கையையும் விரிச்சு நீட்டி, 'உன் முதுகுல ஒரு கதை சொல்லட்டுமா'ன்னு கேக்கணும். அவ உன் உள்ளங்கையத் தொட்டா சரின்னு அர்த்தம். துண்டை எடுத்துத் தலைல போட்டுக்கிட்டா வேண்டாம்னு அர்த்தம்."

"ரெண்டும் பண்ணலன்னா?"

"காத்திருக்கணும். பதில் வரலன்னா அது சம்மதம் இல்ல."

"தெரியும், தெரியும். உங்க அண்ணி பண்றத பாத்திருக்கேன்."

"கேட்டிருக்க. பாத்ததில்ல. அண்ணி கைய நீட்டறது கதவுக்கு வெளிய தெரியாது."

அவர் மாவைத் திருப்பிப் போட்டார்.

"அண்ணி எப்ப வர்றாங்க?"

"வரல. தலைவலிங்கறா. நீங்களே பாத்துக்குங்கன்னுட்டா."

அண்ணிக்குத் தலைவலி வந்து டீச்சர் பார்த்ததில்லை. வந்தாலும் அவள் சொன்னதில்லை. ஆனால் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. டீச்சர் அதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். நாம் எல்லோரும் அப்படித்தானே விடுகிறோம்.

* * *

வகுப்பறையில் பாதி திரை இறக்கியிருந்தது. நாற்காலிகள் எல்லாம் திருப்பிப் போடப்பட்டிருந்தன. பிள்ளைகள் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து, நாற்காலியின் முதுகைக் கட்டிக்கொண்டு, தங்கள் முதுகைக் கதைக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் மடித்த துண்டு ஒன்று, கதகதப்பாக.

எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிற சக்கர நாற்காலிப் பையன் மட்டும் முன்னால் மேஜையில் தலையணை வைத்துக் குப்புறச் சாய்ந்திருந்தான். அவன் அம்மா வந்து கையை நீட்டியபோது அவள் உள்ளங்கையை ஓங்கி அறைந்தான். அவன் சம்மதம் எப்போதும் அப்படித்தான்.

அவனுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி. யார் எதைச் சொன்னாலும் அதன் கடைசி வார்த்தைகளைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்கிற பெண். அவள் அப்பா உள்ளே நுழையும்போதே "ரகசியம் எதுவும் பேசாதீங்க" என்று மற்றவர்களை எச்சரித்துவிட்டார்.

"பேசாதீங்க" என்றாள் ஒலிபெருக்கி.

ஜன்னலோரம் பட்டாணி. மெலிந்த தோள்கள், அண்ணி பின்னிவிட்ட ஒற்றைச் சடை. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கிவிடுகிற மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். ஒட்டிக்கொண்டது. பட்டாணி பேச மாட்டாள். கண்ணை நேராகப் பார்க்க மாட்டாள். அம்மாவின் கையும் அத்தையின் கையும் தவிர வேறு எந்தக் கையையும் அவள் முதுகு இதுவரை ஏற்றதில்லை.

ரொட்டிக்காரர் கடைசியாக வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அவர் வருவதற்கு முன்னால் அவர் பூசியிருந்த செண்ட் வந்தது.

டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "போய்க் கழுவிட்டு வா" என்று முணுமுணுத்தாள்.

"நல்லா இருக்கட்டுமேன்னு..."

"உன்னை அவ மூக்காலதான் கண்டுபிடிப்பா. இப்ப யாரோ வந்த மாதிரி இருக்கும்."

"யாரோ வந்த மாதிரி இருக்கும்" என்று அறை முழுக்க அறிவித்தாள் ஒலிபெருக்கி.

அவர் கழுவிவிட்டு, சட்டையில் ஈரத்தோடு திரும்பினார். அடுப்புக்குள் கையை விடுகிறவருக்கு ஒரு சின்ன முதுகைப் பார்த்துப் பயம். டீச்சர் மணியை ஒரு தட்டுத் தட்டினாள். கதை தொடங்கலாம் என்று அர்த்தம்.

அவள் கேப்டனின் அம்மாவுக்கு ஏதோ சொல்லத் திரும்பினாள். அந்த ஒரு நிமிஷத்தில்தான் அது நடந்தது.

அண்ணன் மகளின் பின்னால் போய் முக்காலியில் உட்கார்ந்தார். மூச்சை இழுத்துக்கொண்டார். ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஆரம்பித்தார். "மழை பெய்யுது... தூறல்..." விரல்கள் முதுகில் இறங்கின. மென்மையாகத்தான் இறங்கின. தொட்டும் தொடாமல்.

பட்டாணி விறைத்துப் போனாள். சத்தம் போடவில்லை. நாற்காலியிலிருந்து அப்படியே வழுக்கி, துண்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

அண்ணனின் விரல்கள் இல்லாத முதுகின் மேல் அந்தரத்தில் நின்றன.

"பாத்தியா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. "நான் சொன்னேன்ல."

"நீ கேக்கவே இல்லியே அண்ணா."

"என்ன?"

"முன்னாடி வந்து கைய நீட்டிக் கேக்கணும்னு காலைலதானே சொன்னேன்."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு முகம் தொங்கிப்போனது. "மறந்துட்டேன் சின்னி. ஒரு வாரமா மாவுலயே பழகிட்டேன். மாவு வேண்டாம்னு சொல்லாதுல்ல."

"வேண்டாம்னு சொல்லாதுல்ல" என்றாள் ஒலிபெருக்கி. யாரும் சிரிக்கவில்லை.

"மறுபடியும் கேளு. கொஞ்சம் கழிச்சு."

"விடு. அவள இன்னும் பயமுறுத்த வேண்டாம்." அவர் முக்காலியிலேயே திரும்பி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். முழங்காலில் முழங்கையை ஊன்றி, தலை குனிந்து. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விடுதிப் பள்ளியின் எண்ணைத் தேடினார். எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் அவர் பக்கம் ஓர் அடி வைத்தாள். ஆனால் அறையில் மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேருந்து மழையைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். பெற்றவர்களின் கைகள் கூடவே வர, அவள் கதையைச் சொல்லி முடித்தாள். சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது.

* * *

கதை கேட்டு முடித்தபிறகு, விரும்புகிற பிள்ளைகள் தாங்களே கதை சொல்லலாம். சொல்வதென்றால் கையால்தான். நண்பன் முதுகிலோ, அம்மா முதுகிலோ, யாரும் இல்லாவிட்டால் தலையணையிலோ. எந்தப் பிள்ளையின் கை என்ன சொல்கிறது என்று பார்த்து டீச்சர் வாய்விட்டுச் சொல்வாள். கேப்டனின் கதையில் எப்போதும் விபத்து இருக்கும். அவன் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள்.

பட்டாணி இதுவரை யாருக்கும் கதை சொன்னதில்லை. தலையணைக்குக்கூட.

டீச்சர் கேப்டனின் விபத்தை விவரித்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி திடீரென்று அமைதியானாள். அது அந்த அறையில் நடக்காத காரியம். டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

மேஜைக்கு அடியிலிருந்து பட்டாணி வெளியே வந்திருந்தாள். துண்டு இன்னும் தலையில் இருந்தது. சுவரை ஒட்டியே நடந்து, ஜன்னல் பக்கம் சுற்றி, அப்பாவின் முன்னால் போய் நின்றாள். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள். இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

அண்ணன் தலையைத் தூக்கினார். "என்னடா கண்ணு? என்ன வேணும்? தண்ணியா?"

"கேக்கறா" என்றாள் டீச்சர். "உன்னைக் கேக்கறா அண்ணா. உன் முதுகுல கதை சொல்லட்டுமான்னு."

"என்னையா?"

"பதில் சொல்லு."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தார். வலது கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும், அடுப்பிலிருந்து எடுத்த சூடான தட்டைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

பட்டாணி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் விரலை எடுக்கிறவரை அப்படியே நின்றாள். பிறகு அவர் முதுகுப் பக்கம் போனாள். கேப்டன்கூட விபத்தை நிறுத்திவிட்டான்.

முதலில் இரண்டு உள்ளங்கைகள் முதுகின் நடுவில் பதிந்தன. மெல்ல விலகின. "கதவு திறக்குது" என்றாள் டீச்சர்.

இரண்டு விரல்கள் இடுப்பிலிருந்து மேலே ஏறின. மெதுவாக. ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று. "யாரோ நடந்து வர்றாங்க. சத்தம் போடாம வர்றாங்க."

விரல்கள் நின்றன. வெகு நேரம் அங்கேயே நின்றன. பட்டாணியின் மூச்சு மட்டும் கேட்டது.

அடுத்து அவள் செய்தது எந்தக் கதையிலும் இல்லாதது. குனிந்து, அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து, கீழே இழுத்து, ஒழுங்காக விட்டாள். அதன் மேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து எடுத்தாள்.

விரல்கள் திரும்பி நடந்தன. கைகள் இரண்டும் சேர்ந்தன. கதவு மூடியது.

பிறகு எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. கதவு. நடை. நிற்றல். சட்டை நுனி.

"இது எனக்குத் தெரியலியே" என்றாள் டீச்சர். "இந்த இழுக்கறது எங்க கதை எதுலயும் கிடையாது. எங்கருந்து புடிச்சா?"

அண்ணன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. பட்டாணி குலுங்குகிற முதுகில் மூன்றாவது முறையாகக் கதவைத் திறந்தாள்.

"அண்ணா, என்னாச்சு?"

"காலைல..." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நான் கடைக்குக் கிளம்பறப்ப இருட்டாத்தான் இருக்கும். அவ ரூம் கதவத் திறந்து ஒரு எட்டுப் பாப்பேன். போர்வை விலகி கால் வெளிய கிடக்கும். தினமும். இழுத்து மூடிட்டுப் போவேன். முழிச்சிக்கப் போறாளேன்னு மூச்சுக்கூட விட மாட்டேன்."

"தினமுமா?"

"நடக்க ஆரம்பிச்சதுலருந்து. உங்க அண்ணிக்கே தெரியாது." கண்ணைத் துடைத்தார். "தூங்கறான்னு நெனச்சேன் சின்னி. இத்தன வருஷமா தூங்கறான்னே நெனச்சேன்."

டீச்சர் அழுதாள். பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று அவளே மற்ற டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஒலிபெருக்கியின் அப்பா ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார்.

"தூங்கறான்னே நெனச்சேன்" என்றாள் ஒலிபெருக்கி. முதல் முறையாக, மெதுவாக.

கதை கேட்டவர் நன்றி சொல்ல வேண்டும் என்பது வகுப்பின் வழக்கம். அண்ணன் சொன்னார். பிறகு முக்காலியில் திரும்பி, மகளுக்கு முன்னால் வருகிற மாதிரி நகர்ந்து, இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். பழைய அடுப்புத் தழும்புகள் உள்ள கைகள்.

"இப்ப நான் கேக்கறேன். உன் முதுகுல ஒரு கதை சொல்லட்டுமா?"

பட்டாணி ஜன்னலைப் பார்த்தாள். தலையில் இருந்த துண்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரிடா" என்றார் அண்ணன். கையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து டீச்சர் பல வருஷமாகப் பார்க்கவில்லை. "நாளைக்குக் கேக்கறேன்."

* * *

வீட்டுக்கு மூவரும் நடந்தே போனார்கள். பட்டாணி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாக வந்தாள். அண்ணன் இரண்டு அடி முன்னால், நிற்காமல் பேசிக்கொண்டே நடந்தார்.

"ஏத்துக்கிட்டாளா இல்லியா? விரல் கையில பட்டுச்சுல்ல? அது கணக்குல வருமா வராதா?"

"வரும், வரும்."

"நீ சாட்சி. இப்பவே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடவா? இல்ல, முதல்ல உங்க அண்ணிகிட்டச் சொல்லிடறேன். அவ முகத்தப் பாக்கணும். ஒரு வாரமா எங்கூடச் சரியாப் பேசல பாவம்." பேக்கரியைக் கடக்கும்போது உள்ளே குரல் கொடுத்தார். "யோவ், நாளைலருந்து ரொட்டி உப்பும்யா."

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அண்ணி சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். மேஜை முழுக்கப் பட்டாணியின் துணிகள். துவைத்து, மடித்து, வகை வகையாக அடுக்கியிருந்தது. காலடியில் பெரிய பெட்டி, வாயைத் திறந்துகொண்டு.

அண்ணன் அதைக் கவனிக்கவே இல்லை. "விஷயம் கேளு. உம்பொண்ணு இன்னிக்கு என்ன பண்ணினா தெரியுமா?"

"மத்தியானமே போன் பண்ணிட்டேன்" என்றாள் அண்ணி.

"யாருக்கு?"

"அந்த ஸ்கூலுக்கு. வர்றோம்னு சொல்லிட்டேன். அங்க பெரியவங்க யாரோ நம்மகிட்டப் பேசணுமாம். சாயங்காலம் கூப்பிடறேன்னாங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர்தான் முதலில் வாய் திறந்தாள். "அண்ணி, நீங்க வேண்டாம்னுதானே இருந்தீங்க?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"அன்னிக்கு மேஜைல நீங்க ஒண்ணுமே பேசல..."

"பேசல. யாராவது கேட்டீங்களா?" அண்ணியின் குரல் உயரவில்லை. ஒரு சட்டையை எடுத்து, மடித்ததைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள். "நீங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்டிக்கிட்டீங்க. அவ அவர் கைய ஏத்துக்கறாளா, இல்லியான்னு. ஏத்துக்கலன்னா அனுப்பறது, ஏத்துக்கிட்டா வெச்சுக்கறது. வெச்சுக்கறது யாரு? குளிப்பாட்டறது நான். தலை சீவறது நான். நகம் வெட்ட நான், ராத்திரி முதுகு தடவித் தூங்க வைக்க நான். என் கைய மட்டும்தான் அவளுக்குப் புடிக்கும்னு எல்லாரும் பெருமையா சொல்றீங்க. பதினோரு வருஷமா ஒரு நாள்கூட இந்தக் கைக்கு லீவு இல்ல."

அவள் தன் வலது மணிக்கட்டை இடது கையால் அமுக்கிக்கொண்டாள். அந்த மணிக்கட்டு வீங்கியிருப்பதை டீச்சர் அப்போதுதான் பார்த்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்போதுதான் பார்த்தாள்.

"எனக்கு அவ மேல ஆசை இல்லன்னு நெனைக்காதீங்க" என்றாள் அண்ணி. "எனக்கு உடம்பெல்லாம் வலிக்குது. அவ்வளவுதான்."

வகுப்பில் நடந்ததைச் சொல்ல வந்த மனிதர் அதைச் சொல்லவில்லை. போர்வையைப் பற்றியும் சொல்லவில்லை. அவர் மனைவியின் பின்னால் போய் நின்றார். அந்தத் தோள்கள் எப்போது இவ்வளவு கூனிப் போயின என்று பார்த்தார். பழக்கத்தில் இரண்டு கைகளும் அந்தத் தோள்களை நோக்கி இறங்கின.

பாதியில் நின்றன.

அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அவள் பார்க்கிற மாதிரி குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார்.

"உன் முதுகுல ஒரு கதை சொல்லட்டுமா?"

அண்ணியின் உதடு துடித்தது. சரியென்று தலையை ஆட்டவில்லை. வேண்டாமென்று அசைக்கவும் இல்லை. வாசற்படியில் பட்டாணி, தலையில் பள்ளிக்கூடத்துத் துண்டோடு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூடத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது.

டீச்சர் எடுக்கப் போனாள். என்ன சொல்வது என்று தெரியாமல் பாதி வழியில் நின்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அண்ணன் திரும்பவில்லை. பதில் வராவிட்டால் காத்திருக்க வேண்டும் என்று காலையில்தான் கேட்டிருந்தார். நீட்டிய கைகளை இறக்காமல் காத்திருந்தார். அண்ணி வீங்கிய மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கைகளில் இருந்த தழும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.